வெளிநாட்டு மாணவருக்குத் துணை நிற்பது: ஜெர்மனியில் முதல் நான்கு மாதம்

கேள்வி: "ஜெர்மனியில் எம்.எஸ். மூன்றாம் செமஸ்டர் படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் பட்டி புரோகிராமில் பெயர் கொடுத்திருந்தேன். புதிதாக வரும் வெளிநாட்டு மாணவருக்கு ஒரு மூத்த மாணவரைத் துணையாகச் சேர்த்துவிடும் திட்டம் அது. அக்டோபரில் சேரும் கொலம்பியா மாணவி ஒருவரை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஸ்பானிஷ் தெரியாது, என் ஜெர்மனும் சுமார்தான். எதில் தொடங்குவது, எதுவரை உதவுவது?"

ஜெர்மன் சுமாராக இருப்பது பெரிய குறை இல்லை. ஒரு கடிதத்தைப் படித்துச் சொல்லக் கைபேசி போதும். புதிதாக வருகிறவருக்குத் தெரியாமல் இருப்பது வேலைகளின் வரிசை. முகவரி இல்லாமல் அன்மெல்டுங், அதாவது நகர அலுவலகத்தில் செய்யும் முகவரிப் பதிவு, கிடையாது. அன்மெல்டுங் இல்லாமல் வரி எண் வராது, விசா அலுவலகமும் கோப்பைத் திறக்காது. வங்கிக் கணக்கு இல்லாமல் பிளாக்டு அக்கவுன்ட்டில், அதாவது விசாவுக்காக முன்பே பணம் கட்டி மாதத் தவணையாக மட்டும் எடுக்கும் கணக்கில், போட்ட சொந்தப் பணமே கைக்கு வராது. ஒரு கண்ணி நழுவினால் பின்னால் இருப்பது எல்லாம் அப்படியே நிற்கும். இந்த வரிசையில் அவருக்கு எப்போதும் ஒரு படி முன்னால் இருப்பதுதான் உங்கள் வேலை. படிவத்தை அவர் நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். எல்லாவற்றையும் நீங்களே நிரப்பிக் கொடுத்தால் முதல் வாரம் அவருக்கு நிம்மதியாக இருக்கும். மூன்றாம் மாதம் ஒரு சாதாரணக் கடிதம் வந்தாலும் கை நடுங்கி உங்களைக் கூப்பிடுவார்.

பேச்சைச் செப்டம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள். கொலம்பியா அப்போது ஜெர்மனியைவிட ஏழு மணி நேரம் பின்னால் இருக்கும். இங்கே மாலை ஆறு என்றால் அங்கே காலை பதினொன்று, அதுதான் தோதான நேரம். முதல் செய்தியில் "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டால் "இல்லை, நன்றி" என்றுதான் பதில் வரும். என்ன கேட்பது என்பதே அவருக்கு இன்னும் தெரியாது. அதனால் கேள்விகளை நீங்களே எடுத்துக் கொடுங்கள். இந்த மாதிரி எழுதலாம்:

"வணக்கம், நான் உங்கள் துணை மாணவர். நான்கு விஷயம் மட்டும் சொல்லுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள்? தங்க இடம் உறுதியா, ஒப்பந்தம் எந்தத் தேதியில் தொடங்குகிறது? விசா எந்தத் தேதிவரை? பிளாக்டு அக்கவுன்ட், மருத்துவக் காப்பீடு இரண்டும் எந்த நிறுவனத்தில்? பதிலைப் பார்த்து முதல் வாரத்துக்கு ஒரு பட்டியல் அனுப்புகிறேன்."

விசா தேதியை அவர் எழுத்தில் எழுதினாலே போதும். பாஸ்போர்ட் படம், வங்கி விவரம், காப்பீட்டு ஒப்பந்தம் எதையும் உங்கள் கைபேசிக்கு வாங்கி வைக்காதீர்கள். அவரே அனுப்பினாலும் பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள், அழித்ததை அவரிடம் சொல்லியும் விடுங்கள்.

பதிலில் தேதியை முதலில் பாருங்கள். மாணவர் விடுதி, அதாவது வோன்ஹைம் ஒப்பந்தம் பெரும்பாலும் அக்டோபர் 1 அன்று தொடங்கும். அக்டோபர் 3 நாடு முழுக்க விடுமுறை. சாவி கொடுக்கும் ஹவுஸ்மைஸ்டர் வார நாள்களில், அதிலும் பல விடுதிகளில் காலை இரண்டு மூன்று மணி நேரம் மட்டும்தான் இருப்பார். வெள்ளிக்கிழமை இரவு இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்குகிறவருக்குத் திங்கள்வரை அறை திறக்காது. இந்தத் தவறு ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. டிக்கெட் எடுக்குமுன் தெரிந்தால் வார நடுவில் வந்து சேரச் சொல்லுங்கள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றால் வேறு வழி இருக்கிறது: சாவியை நீங்கள் வாங்கி வைக்கலாம். அதற்கு அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் வேண்டும், இங்கே அதை ஃபோல்மாக்ட் என்பார்கள். அவர் பெயர், பாஸ்போர்ட் எண், உங்கள் பெயர், எந்த அறையின் சாவி, தேதி, கையெழுத்து, அவ்வளவுதான். ஸ்கேன் பிரதி போதுமா என்று ஹவுஸ்மைஸ்டரிடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். போகும்போது உங்கள் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

சாவியோடு ஒரு ஒப்படைப்புத் தாள் தருவார்கள். அறையில் என்னென்ன இருக்கிறது, எது பழுது என்று அதில் எழுதியிருக்கும். மெத்தையில் கறை, சன்னல் பிடி தளர்வு, அடுப்புத் தகட்டில் கீறல் எதுவானாலும் அந்தத் தாளில் ஏறியே ஆகவேண்டும். ஏறாத பழுதுக்கு இரண்டு வருடம் கழித்து அவருடைய முன்பணத்தில் கை வைப்பார்கள். பத்துப் பன்னிரண்டு படம் எடுத்து, அன்றைக்கே அவருக்கு அனுப்பிவிடுங்கள். தேதி தானாகப் பதிவாகிவிடும்.

முதல் இரவுக்கு என்ன வேண்டும் என்பதையும் யோசியுங்கள். விடுதி அறையில் கட்டில், மேசை, அலமாரி இருக்கும். தலையணை, போர்வை, பாத்திரம் பல இடங்களில் இருக்காது. ஞாயிறு வந்து இறங்கினால் கடை எதுவும் திறந்திருக்காது, பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள்தான் கதி. ரொட்டி, பால், முட்டை, பழம், ஒரு சோப்பு இவ்வளவு வாங்கி வைத்தால் போதும், ரசீதைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் முதல் வாரம் முழுக்க பாட்டில் சுமப்பார். கொலம்பியாவிலிருந்து வருகிறவரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே மின்சாரம் 110 வோல்ட், இங்கே 230. கைபேசி சார்ஜரில் 100 முதல் 240 என்று அச்சிட்டிருக்கும், அது தாங்கும். முடி உலர்த்தியை அடாப்டர் போட்டுச் செருகினால் அன்றே கருகும். பெட்டி கட்டும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

வந்த அன்று செய்யவேண்டிய முதல் வேலை தபால் பெட்டி. பலர் இதை அலட்சியமாக விடுகிறார்கள், அதனால்தான் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஜெர்மனியில் தபால்காரர் அறை எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்க்கிறார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். முதல் மூன்று வாரத்தில் வருவதோ எல்லாம் முக்கியமான தபால்: வங்கி அட்டை ஒரு உறையில், அதன் ரகசிய எண் வேறொரு நாளில் வேறொரு உறையில், காப்பீட்டு அட்டை, பதினொரு இலக்க வரி எண். நான்கில் ஒன்று திரும்பினாலும் மறுபடி கேட்டு வாங்க வாரக் கணக்கில் ஆகும்.

ஒட்டுகிற பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். கொலம்பியர்களுக்குக் குடும்பப் பெயர் இரண்டு, தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று. ஒரு அலுவலகம் இரண்டையும் போடும், இன்னொன்று கடைசிப் பெயரை மட்டும் போடும். இரண்டும் பெட்டியில் இருந்தால் எது வந்தாலும் சேரும். இனிஷியலை விரித்து எழுதச் சொல்லியும், குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமலும் நாம் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே இதை நீங்கள் நன்றாகவே விளக்குவீர்கள். விடுதி நிர்வாகம் அச்சிட்ட பட்டை தரும்வரை, வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மழை படாமல் ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுங்கள். அழைப்பு மணியிலும் அதே பெயர் இருக்கட்டும், பார்சல்காரர் அதைத்தான் தேடுவார்.

அடுத்தது அன்மெல்டுங். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். நேரம், அதாவது டெர்மின், அவர் வருவதற்கு முன்பே இணையத்தில் எடுக்க வேண்டியது. அக்டோபரில் பெரிய நகரங்களில் காலி இடம் கிடைப்பது கடினம். காலை ஏழு எட்டு மணிக்கு ரத்தான இடங்கள் திரும்பத் தோன்றும், அப்போது பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டித்தான் கிடைத்தது என்றால் முன்பதிவு உறுதி மின்னஞ்சலைப் பத்திரப்படுத்தினால் பொதுவாகச் சிக்கல் வராது. எடுத்துப் போக வேண்டியவை: பாஸ்போர்ட், நிரப்பிய படிவம், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்றச் சான்று. இந்தக் கடைசித் தாளில்தான் பலர் திரும்பி வருகிறார்கள். வாடகை ஒப்பந்தம் இதற்கு ஈடாகாது. சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. கொலம்பியாவிலிருந்து வருகிறவர் இயல்பாகக் கத்தோலிக்கம் என்று எழுதிவிடக்கூடும். அப்படிப் பதிந்தவர் பின்னால் வேலைக்குப் போய் வருமான வரி கட்டும்போது, அந்த வரியின் மேல் 8 அல்லது 9 விழுக்காடு தேவாலய வரியும் பிடிப்பார்கள். அதிலிருந்து விலக வேண்டுமானால் முறைப்படி அறிவித்து வெளியேற வேண்டும். என்ன எழுதுவது என்பது அவருடைய மனச்சாட்சிக்கு உட்பட்டது, நீங்கள் வழி சொல்லக் கூடாது. அந்தக் கட்டத்துக்குப் பின்னால் பணம் இருக்கிறது என்பதை மட்டும் பேனா எடுக்கும் முன் தெரியப்படுத்துங்கள்.

பல்கலைக்கழகச் சேர்க்கை, காப்பீடு, வங்கி மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். 30 வயதுக்குக் கீழ் உள்ள மாணவருக்கு அரசுமுறைக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் உண்டு, மாதம் ஏறக்குறைய 150 யூரோ. மாதம் 30, 40 யூரோவுக்குத் தனியார் காப்பீடு விளம்பரம் கண்ணில் படும். அதை வைத்துக்கொண்டு அரசுமுறையிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை திரும்பி வர முடியாது. மலிவு என்று போய் மாட்டிக்கொள்வது இங்கேதான். பயணத்துக்கு எடுத்த காப்பீடும் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குச் செல்லாது. காப்பீட்டு நிறுவனம் அவருடைய நிலையை மின்னணு முறையில் நேரே பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்கும். அந்தத் தகவல் போய்ச் சேராமல் மாணவர் அட்டை வராது. ஆகவே சேர்க்கை தாமதமானால் "காப்பீட்டுச் செய்தி வந்துவிட்டதா?" என்று சேர்க்கை அலுவலகத்தில் கேட்கச் சொல்வதுதான் முதல் கேள்வி.

பணத்தைப் பற்றியும் முன்பே பேசிவிடுவது நல்லது. 2024 செப்டம்பரில் உயர்த்திய கணக்குப்படி பிளாக்டு அக்கவுன்ட்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும், மாதம் 992 யூரோவாக வரும். ஆனால் சாதாரண வங்கிக் கணக்கு திறந்து, அதன் எண்ணைக் கொடுத்து, சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் முதல் தவணை வரும், இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். அதற்குள் வாடகை, முன்பணம், செமஸ்டர் கட்டணம், காப்பீடு நான்கும் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். குறைந்தது 1,500 யூரோ அட்டையில் தனியாக எடுத்து வரச் சொல்லுங்கள். முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டும் உரிமை வாடகைக்காரருக்குச் சட்டப்படி உண்டு. இது தெரியாமல் பலர் கடன் வாங்கி மொத்தமாகக் கட்டுகிறார்கள்.

இன்னும் அறை கிடைக்கவில்லை என்று அவர் சொன்னால் இரண்டு அபாயங்களைச் சொல்லி வையுங்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம், பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வருமாம் என்று வரும் விளம்பரம் ஏமாற்று. வீட்டையோ வீட்டுக்காரரையோ பார்க்காமல் ஒரு யூரோவும் போகக் கூடாது. இரண்டாவது உங்களையே தொடுவது: "உங்கள் வீட்டு முகவரியில் அன்மெல்டுங் மட்டும் செய்துகொள்ளட்டுமா?" நம் ஆட்கள் மத்தியில் இது சகஜமாக நடக்கிறது. உண்மையில் குடியேறாதவருக்கு முகவரி கொடுப்பது சட்டப்படி குற்றம், அபராதம் 50,000 யூரோவரை போகலாம். எவ்வளவு பாவமாக இருந்தாலும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்திலும் மாணவர் நலச் சங்கத்திலும் தற்காலிகத் தங்கும் இடம் கேட்கலாம், கூடப் போய்க் கேளுங்கள்.

போக்குவரத்தில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. மாணவர் பயணச்சீட்டு சேர்க்கை முடிந்த பிறகுதான் செல்லுபடியாகும். அதற்கு முந்தைய நாள்களில் "நான் மாணவி" என்று சொல்லி டிராமில் ஏறினால் பரிசோதகர் 60 யூரோ எழுதிவிடுவார். தாள் பயணச்சீட்டு எடுத்தாலும் பல நகரங்களில் அதை இயந்திரத்தில் நீட்டி முத்திரை குத்த வேண்டும், குத்தாத சீட்டு சீட்டே இல்லாததற்குச் சமம். முதல் பயணத்தில் கூடப் போய் ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

விசாவுக்கு வருவோம். தூதரகம் கொடுத்த விசா சில மாதங்களுக்குத்தான், அது முடிவதற்குள் இங்கே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 100 யூரோ. விண்ணப்பத்தை அன்மெல்டுங் முடிந்த அதே வாரம் போட்டுவிடட்டும், டெர்மின் வர மாதங்கள் ஆகும். விசா முடியும் முன் விண்ணப்பித்துவிட்டால் இடைக்காலச் சான்று ஒன்று கேட்டு வாங்கலாம், ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்று நாக்கைச் சுளுக்கும் பெயர். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக நினைத்தால் அந்தச் சான்றின் உள்ளே எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் 4ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போய்த் திரும்பலாம், 3ஆம் உட்பிரிவு என்றால் திரும்பி நுழைய முடியாது. டிக்கெட் எடுக்கும் முன் விசா அலுவலகத்திலோ சர்வதேச அலுவலகத்திலோ எழுத்தில் உறுதி செய்யட்டும். விசா விஷயத்தில் உங்கள் அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இந்தியருக்கு நடந்தது கொலம்பியருக்கு அப்படியே நடக்க வேண்டியதில்லை, நகரத்துக்கு நகரமும் நடைமுறை மாறும்.

பகுதிநேர வேலையை முதல் மாதமே கேட்பார். 2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம், பல்கலைக்கழகத்துக்குள் பார்க்கும் மாணவர் வேலை இந்தக் கணக்கில் வராது. முதல் செமஸ்டரில் ஜெர்மன் வகுப்புக்கும் தேர்வுக்கும் நேரம் ஒதுக்கிய பிறகு வேலை தேடுவதுதான் என் கருத்து. ஆனால் பணம் தேவைப்படுகிறவரிடம் இதை உபதேசமாகச் சொல்லாதீர்கள்.

கடிதங்களைப் படிக்கப் பழக்குவது நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய உதவி. ஒரு மாலை உட்கார்ந்து ஆறு சொல்லை மட்டும் கண்ணில் பட வையுங்கள்: ஃப்ரிஸ்ட் என்றால் கெடு தேதி, ரெஷ்நுங் என்றால் பில், மானுங் என்றால் கட்டாததற்கு எச்சரிக்கை, டெர்மின் என்றால் குறித்த நேரம், பெஷைட் என்றால் அலுவலகத்தின் முடிவு, விடர்ஷ்ப்ருக் என்றால் அதற்கு எதிரான ஆட்சேபம். கடிதம் வந்ததும் இந்த ஆறில் எது இருக்கிறது, பக்கத்தில் என்ன தேதி என்று அவரே தேடட்டும், நீங்கள் சரிபாருங்கள். மஞ்சள் உறையில் ஏதாவது வந்தால் உறையைக் கிழித்து எறியக் கூடாது. தபால்காரர் அதன் மேல் போட்ட தேதியிலிருந்துதான் ஆட்சேபக் கெடு ஓடத் தொடங்கும்.

அன்மெல்டுங் செய்த சில வாரத்தில் ஒளிபரப்புக் கட்டணக் கடிதம் வரும். "என்னிடம் டிவியே இல்லை" என்று குப்பையில் போடுவார்கள். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு குடியிருப்புக்கு மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். பதில் போடாவிட்டால் பழைய மாதங்களையும் சேர்த்து நிலுவையாக வந்து நிற்கும். நான்கு பேர் சேர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். பொது நடைபாதையிலிருந்து நேரே திறக்கும் விடுதி அறையோ தனிக் குடியிருப்பாகவே கணக்கு. அவருடையது எந்த வகை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வகுப்பறை வழக்கங்களில் புதியவர் தடுமாறும் இடங்கள் சில. கால அட்டவணையில் பத்து மணி என்று போட்டு அருகில் 'சி.டி.' என்று இருந்தால் பத்தேகாலுக்கு, 'எஸ்.டி.' என்றால் பத்துக்கே. மதிப்பெண் தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் எல்லை, 5.0 தோல்வி. கொலம்பியாவில் 5.0தான் முழு மதிப்பெண், எனவே முதல் முடிவைப் பார்க்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பது வழக்கம், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முதல் செமஸ்டரில் ஆர்வத்தில் 36 எடுப்பதைவிட 24 எடுத்து எல்லாவற்றிலும் தேறுவது மேல். பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுத முடியும். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் போனால் அந்தப் படிப்பே முடிந்துவிடும், அதே படிப்பை ஜெர்மனியில் வேறிடத்தில் தொடர்வதும் அரிது. இந்த எண்ணிக்கை பாடத்திட்ட விதியில் இருக்கும், அந்தப் பக்கத்தை அவரையே திறந்து படிக்க வையுங்கள்.

சந்திப்புக்கு ஒரு தாளம் வையுங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று தடவை, அக்டோபர் முடியும்வரை வாரம் ஒரு தடவை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முதல் சந்திப்புகள் வளாகக் கஃபே, உணவகம், நூலகம் மாதிரி பொது இடத்தில் இருக்கட்டும். உங்கள் ஊர் நண்பர்கள் கூட்டத்துக்கு அழைப்பது தப்பில்லை. ஆனால் போய் உட்கார்ந்ததும் எல்லோரும் தமிழில் பேச ஆரம்பித்தால் அவர் மூலையில் கைபேசி பார்ப்பார். ஒருவரையாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்துவிட்டுக் கூப்பிடுங்கள். அவரோடு அதே பாடம் படிக்கும் இரண்டு பேரை அறிமுகப்படுத்துவது, உங்களோடு பத்து முறை காபி குடிப்பதைவிட அவருக்கு நீண்ட நாள் உதவும்.

நவம்பரைக் கவனமாகப் பாருங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும், டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஆண்டு முழுக்க ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரப் பகல் உள்ள நாட்டிலிருந்து வந்தவரின் உடலுக்கு இது புதிது, உங்களுக்கும் முதல் வருடம் புதிதாகத்தான் இருந்திருக்கும். அலுவலக வேலைகளின் பரபரப்பு அடங்கி, ஊர் ஞாபகம் ஏறுவதும் இதே சமயம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "நன்றாக இருக்கிறேன்" என்றே பதில் வரும். "இன்றைக்கு என்ன சமைத்தீர்கள்? இந்த வாரம் எத்தனை வகுப்புக்குப் போனீர்கள்? ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்?" என்று கேளுங்கள். மூன்று வாரமாகச் சமைக்கவில்லை, வகுப்புக்கும் போகவில்லை, விடிகாலை நாலு மணிக்குத் தூங்குகிறார் என்றால் அது சோம்பல் இல்லை. மாணவர் நலச் சங்கங்களின் உளவியல் ஆலோசனை பெரும்பாலும் இலவசம், ஆங்கிலத்திலும் பல இடங்களில் உண்டு. காத்திருப்புப் பட்டியல் இருப்பதால் சீக்கிரமே பதியட்டும். முதல் மின்னஞ்சலை எழுதப் பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம், வாசல்வரை கூடப் போகலாம். உள்ளே பேசுவது அவருடையது.

அவசரத்துக்கு எண்களை அவருடைய கைபேசியில் முதல் நாளே சேமிக்க வையுங்கள். உயிருக்கு ஆபத்து, தீ என்றால் 112. போலீஸ் 110. இரவிலோ விடுமுறையிலோ காய்ச்சல், வயிற்றுவலி மாதிரி பொறுக்க முடியாத ஆனால் ஆம்புலன்ஸ் தேவைப்படாத உபாதைக்கு 116117. உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி ஒரு சொல் காதில் விழுந்தாலும், அதை ரகசியம் என்று உங்களுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் தனியாக இருந்தால் யாரையாவது கூட இருக்கச் செய்துவிட்டு 112ஐ அழையுங்கள், பிறகு திட்டப் பொறுப்பாளருக்கும் தெரிவியுங்கள்.

எதுவரை உதவுவது என்று கேட்டிருந்தீர்கள். பணம் கடன் கொடுக்காதீர்கள், வாடகைக்கு ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் பெயரில் சிம்மோ இணைய இணைப்போ எடுத்துக் கொடுக்காதீர்கள். மூன்றும் உறவைக் கெடுக்கும், கெட்ட பிறகு உதவவும் முடியாது. "இரவு பத்துக்கு மேல் அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள், மற்றதற்கு மறுநாள் காலை பதில் போடுகிறேன்" என்று முதல் வாரமே சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தம் இராது. உங்களுக்குத் தேர்வு நெருங்கும்போது இரண்டு வாரம் விலகி இருக்கப் போவதையும் முன்கூட்டிச் சொல்லுங்கள். ஒத்துவராத ஜோடியாக அமைந்துவிட்டால் பொறுப்பாளரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், அதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள். அவர் உங்களைத் தேடுவதே இல்லை என்றாலும் மனம் கோணாதீர்கள். சிலருக்கு அக்டோபர் மட்டும் போதும்.

அக்டோபருக்குப் பிறகு நீங்கள் கட்டாயம் நினைவூட்ட வேண்டியவை இரண்டு. ஒன்று, தேர்வுப் பதிவு. வகுப்புக்குப் பதிந்தது தேர்வுக்குப் பதிந்ததாகாது. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தனியாகப் பதிய வேண்டும், பல துறைகளில் டிசம்பர் ஜனவரியிலேயே கெடு முடிந்துவிடும். செமஸ்டர் முழுக்கப் படித்துவிட்டு, பெயர் பட்டியலில் இல்லாமல் தேர்வு அறை வாசலில் நிற்பது கொடுமை. பதிந்ததும் உறுதிப் பக்கத்தைப் படமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மற்றொன்று, அடுத்த செமஸ்டருக்கான மறுபதிவு, ரூக்மெல்டுங். கோடைக்காலப் பருவத்துக்கு இது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வரும். கட்டணத்தை அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் மாணவர் எண் சரியாக இருக்க வேண்டும், ஒரு இலக்கம் தவறினாலும் பணம் யார் கணக்கிலும் சேராமல் நிற்கும். கெடு தாண்டினால் தாமதக் கட்டணம், அதையும் தாண்டினால் பெயர் நீக்கம், பெயர் நீங்கினால் குடியிருப்பு அனுமதிக்கே ஆபத்து. பணம் அனுப்பி ஒரு வாரம் கழித்து, அடுத்த செமஸ்டர் சான்றிதழ் தளத்தில் இறங்குகிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கவில்லை என்றால் அன்றைக்கே வங்கி ரசீதோடு மாணவர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.